பயணியின் கதையும் நிழற்படமும்: வாசகர் உறவு பற்றிய ஒரு நோக்கு
(சாகாமம் சார்ந்த கிழக்குக் கரையோரத்தை முன்வைத்து)

பயண இலக்கியம் பற்றித் தமிழில் எழுதப்பட்டுள்ள ஆய்வுகள் பெரும்பாலும் பயணியையே மையமாகக் கொண்டவை. அவர் எங்குச் சென்றார், எதனைக் கண்டார், எந்நடையில் எழுதினார் என்னும் வினாக்களே அவற்றில் முதன்மை பெறுகின்றன. அவர் எழுதியதைப் படித்தோரும், அவர் எடுத்த நிழற்படங்களைப் பார்த்தோரும் அவற்றோடு எத்தகைய உறவு பூண்டனர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவைப் பொதுப்பட எழுப்புவதிலும், ஓர் ஊரில் நின்று எழுப்புவது பயன் தரும். அம்பாறை மாவட்டத்திலே, அக்கரைப்பற்றுக்குத் தெற்கும் திருக்கோவிலுக்கு மேற்குமாக, ஒரு குளத்தின் பெயரோடு இணைந்து அமைந்தது சாகாமம். மேற்கே காடும் வயலும், கிழக்கே சில கல் தொலைவிற் கடலும் உள. இவ்வூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரத்திலே அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்கள் ஒன்றையொன்று தொடுத்து நிற்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் நிலம் இது. 1928 இல் மட்டக்களப்பை அடைந்த புகையிரதப் பாதை அதற்குத் தெற்கே கரையோரமாக நீளவில்லை. நூலும் பத்திரிகையும் தெருவழியாகவே இங்கு வந்து சேர்ந்தன.

இக்கரையோர மக்களுக்குப் பயணக் கதையோடு மூவகை உறவு உண்டு. தொலைதேசம் பற்றிப் பிறர் எழுதியதை அவர்கள் படித்தனர். அவர்களைப் பற்றியும் அவர்தம் அயலாரைப் பற்றியும் வெளியார் எழுதினர்; படமும் எடுத்தனர். பின்னர் அவர்களே தொலைதேசம் சென்று, கதையும் படமும் ஊருக்கு அனுப்பினர். இம்மூன்று நிலைகளையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

1. சொல் மட்டும் இருந்த காலம்

நிழற்படம் தோன்றுவதற்கு முன்னர், பயணியின் கூற்றுக்குப் பயணியே சான்று. வாசகன் அவரை நம்பினான். அல்லது நம்ப மறுத்தான். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைபவர் இபுனு பதூதா. 1325 இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட அவர், 1344 இல் மாலைதீவிலிருந்து இலங்கையை அடைந்தார். புத்தளப் பகுதியிலே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலைக்கு யாத்திரை செய்தார். பின்னர் தமிழகத்து மஃபர் நாட்டுக்குச் சென்ற அவர், மேற்குக் கடலிலே கொள்ளையரிடம் தம் உடைமைகளைப் பறிகொடுத்தார். இலங்கை மன்னர் அளித்த மணிகளும் அவற்றோடு போயின. நாடு திரும்பிய பின்னர், மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி, இபுனு யுசை என்னும் அறிஞருக்கு அவர் நினைவிலிருந்து கூறியதே 1355 இல் நூலாக முற்றுப்பெற்றது.

ஆகவே நாம் படிக்கும் நூல், கண்டவரின் நினைவும் எழுதியவரின் புலமையும் கலந்த ஒன்றாகும். அதன் சில பகுதிகள் முன்னைய பயணிகளின் நூல்களைத் தழுவியவை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் வாசகர் அதனைக் கைவிடவில்லை. கிழக்குக் கரையோர முஸ்லிம் வாசகன் ஒருவன் அதனைப் படிக்கும்போது, தன் ஊரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதை உணர்வான். இபுனு பதூதா இப்பக்கம் வரவில்லை. ஆயினும் பாவா ஆதம் மலையும், வழியிற் கண்ட இறைநேசரின் நினைவிடங்களும், தமிழ் மன்னன் ஒருவன் முஸ்லிம் பயணிக்கு அளித்த உபசாரமும் அவனைத் தொடுகின்றன. தன் வரலாறு இத்தீவிலே நீண்டது என்பதற்கு அவன் அதிற் சான்று காண்கிறான்.

இங்கு ஒரு பொது விதி புலப்படுகிறது. வாசகன் பயணக் கதையிலே புதுமையை மட்டும் தேடுவதில்லை. தான் ஏற்கனவே அறிந்த ஒன்றையும் தேடுகிறான். அறிந்ததைக் கண்டுகொண்ட பின்னரே அறியாததை நம்பத் துணிகிறான். ஹஜ் யாத்திரை சென்று திரும்பியவரின் வீட்டிலே அயலார் கூடியிருந்து கதை கேட்கும் வழக்கமும் இவ்விதிக்கு உட்பட்டதே. கேட்போர் மக்கா நகரைக் கண்டதில்லை. ஆனால் நாளாந்தம் ஐந்து வேளை அத்திசை நோக்கி நிற்பவர்கள். சொல்பவர் அவர்கள் மனத்தில் ஏற்கனவே உள்ள ஓர் இடத்துக்கு உருவம் கொடுக்கிறார்.

தமிழில் இவ்வாசகத் தேவையை நாவல் வடிவிலே நிறைவு செய்தவர் சித்திலெவ்வை. 1885 இல் வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’ எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கொள்ளப்படும் இந்நூல், ஈழத்து ஊர் எதனையும் விட்டு அந்நிய நகரங்களைத் தேர்ந்தமை தற்செயலன்று. 1883 முதல் எகிப்தியத் தலைவர் அரபி பாஷா நாடுகடத்தப்பட்டவராக இலங்கையில் வாழ்ந்தார். எகிப்து அக்கால இலங்கை முஸ்லிம் வாசகருக்கு வெறும் தொலைதேசமாக இருக்கவில்லை.

2. படம் வந்த பின்னர்

பதினேழாம் நூற்றாண்டிலேயே பயண நூல்களிற் படங்கள் இடம்பெற்றன. 1660 இல் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்திலே சிறைப்பட்டு, 1679 இல் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிய இறொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. ஆனால் அப்படங்கள் செதுக்கப்பட்டவை. பயணியின் கண்ணுக்கும் வாசகன் கண்ணுக்கும் இடையே செதுக்குவோரின் கை நின்றது. நிழற்படம் பரவிய பின்னரும் பல்லாண்டுகள், படத்தைப் பார்த்து மரக்கட்டையிற் செதுக்கியே அச்சிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, படத்தை நுண்புள்ளிகளாகப் பிரித்து உலோகத் தகட்டிற் பதிக்கும் முறை வழக்கிற்கு வந்தது. அச்சகத்தார் ‘புளொக்’ என வழங்கிய இக்கட்டைகளே நிழற்படத்தை எழுத்தோடு ஒரே பக்கத்திற் சேர்த்தன. அதன் பின்னரே சாதாரண வாசகன் பயணியின் படத்தைக் கையிலெடுத்துப் பார்க்கலானான்.

தமிழில் இம்மாற்றத்தின் முழுப் பயனையும் உணர்ந்தவர் ஏ. கே. செட்டியார் ஆவார். 1911 இல் செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்த அவர், இரங்கூனிலே ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார். 1937 ஒக்டோபர் 2 ஆந் திகதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலிலே, காந்தியடிகள் பற்றி ஒரு விவரணத் திரைப்படம் தயாரிக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. உலகின் பல பாகங்களிலும் பயணஞ் செய்து, பலர் பல காலத்தில் எடுத்த படச்சுருள்களைத் திரட்டி, 1940 இல் அப்படத்தை வெளியிட்டார். 1943 இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ அவர் மறைந்த 1983 வரை வெளிவந்தது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூற்பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று.

செட்டியாரின் எழுத்தோடு தமிழ் வாசகர் கொண்ட உறவுக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, தன்னை முன்னிறுத்தாமை. அவர் நடையிலே வியப்பொலி குறைவு, தகவல் மிகுதி. தாம் பட்ட இடர்களையும் அவர் சுருங்கவே கூறினார். கூறுபவர் ஒதுங்கி நிற்பதால், அவர் நின்ற இடத்தில் வாசகன் தன்னை நிறுத்திப் பார்க்க முடிந்தது. இரண்டாவது, கடல் கடந்து வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் மீதும் வணிகர் மீதும் அவர் செலுத்திய கவனம். மூன்றாவது, வாசகரையும் பயணிகளாக மதித்தமை. பழைய இதழ்களில் மறைந்து கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளைத் தேடியெடுத்து ‘தமிழ்நாடு’ என்னும் தொகுதியாக அவர் வெளியிட்டமை இதற்குச் சான்று. தம் சொந்த ஊர்ப்பக்கமும் ஒருவர் பயணக் கண்ணோடு பார்க்கத்தக்கதே என்பதை அத்தொகுதி உணர்த்திற்று.

எழுத்தும் படமும் தம்முள் வேலையைப் பகிர்ந்து கொள்ளும் முறையும் ஈண்டு விளக்கத்தக்கது. எழுத்துக்கு ஒழுங்கு உண்டு. முன் பின் உண்டு. விலையையும் தூரத்தையும் உரையாடலையும் அது சொல்லும். படத்துக்கு அவை இல்லை. ஆனால் எழுதுபவர் கவனியாத பொருளும் படத்தில் விழுந்துவிடும். துறைமுகத்தைப் படமெடுத்தவர் கப்பலைக் கருதியிருக்கலாம். வாசகன் அதன் ஓரத்திலே மூட்டை சுமக்கும் கூலியின் வெறுங்காலைக் காண்பான். பயணி தெரிவு செய்ததை எழுத்து தருகிறது. அவர் தெரிவு செய்யாததிலும் ஒரு பங்கைப் படம் தருகிறது. வாசகன் தன் சொந்த அறிவோடு நுழையும் வாயில் பெரும்பாலும் இப்பங்கிலேயே உள்ளது.

ஆங்கில எழுத்தாளர் யோன் பேர்ஜரும் நிழற்படக் கலைஞர் ஜீன் மோரும் 1982 இல் வெளியிட்ட நூலொன்றிலே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. மோர் தம் படங்கள் சிலவற்றை, விளக்கம் எதுவுங் கூறாது, வெவ்வேறு தொழில் செய்வோரிடம் காட்டி, இதிற் காண்பது யாது என வினவினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு கதை கூறினர். படம் நிகழ்ந்ததற்குச் சான்று; ஆனால் நிகழ்ந்ததன் பொருளுக்கு அது தனியே சான்றாகாது. பொருளைப் பார்ப்பவரின் வாழ்க்கையே வழங்குகிறது.

3. பார்க்கப்பட்டவர் வாசகராதல்

இதுவரை கூறியவற்றிலே வாசகன் ஓரிடத்தும், பார்க்கப்பட்டோர் வேறோரிடத்தும் இருந்தனர். கிழக்கிலங்கையின் அனுபவம் இவ்வளவு எளிதன்று.

1911 இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ‘வேடர்’ பற்றிய ஆங்கில நூல் மானிடவியலில் முக்கியமான ஒன்று. உள்நாட்டு வேடரோடு, கிழக்குக் கரையிலே தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்ந்த கரையோர வேடர் பற்றியும் அந்நூல் கூறும். அதில் நிழற்படங்கள் பல உள. பின்னர், சத்திரசிகிச்சை நிபுணரான ஆர். எல். ஸ்பிற்றல் 1924 இல் ‘காட்டிலங்கை’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய பயண நூலும் படங்களோடு வந்தது. இந்நூல்களிலே அக்கறையும் உழைப்பும் உண்டு. வேடர் மீது ஸ்பிற்றல் கொண்டிருந்த பரிவு ஐயத்துக்குரியதன்று.

ஆயினும் வினாவை வாசகர் பக்கம் நின்று எழுப்புவோம். இப்படங்கள் யாருக்காக அச்சிடப்பட்டன? இலண்டனிலும் கொழும்பிலும் ஆங்கிலம் கற்றோருக்காக. படத்திலுள்ளவருக்கு நூலின் மொழியும் தெரியாது. அதன் விலையும் எட்டாது. இவ்வகை நூல்களிலே படத்தின் கீழ் வரும் வாசகம் பெரும்பாலும் இனத்தையோ செயலையோ குறிக்கும். மனிதரின் பெயர் அங்கு அருகியே இடம்பெறும். இலண்டன் வாசகனுக்கு அப்படம் ஒரு மாதிரி உரு. அதே பக்கத்தைப் பல்லாண்டுகள் கழித்து இப்பகுதி மாணவன் ஒருவன் பல்கலைக்கழக நூலகத்திலே திறப்பானாயின், அவன் கேட்கும் முதல் வினா, இவர் யார், எந்தக் குடியைச் சேர்ந்தவர், இவர் பிள்ளைகள் இன்று எங்கே என்பதாகும். ஒரே படம், இரு வாசிப்பு. முதலாவது வகையைக் காண்கிறது. இரண்டாவது உறவைத் தேடுகிறது.

பயணக் கதையின் அறம் பற்றிய பிரச்சினை இங்கேயே தொடங்குகிறது. எழுதப்படும் மனிதர் ஒருநாள் வாசகராக வரக்கூடும் என எண்ணி எழுதியவரின் நூலுக்கும், அவ்வெண்ணம் சிறிதும் இன்றி எழுதியவரின் நூலுக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு வரியிலும் தெரியும். பேர்ஜரும் மோரும் ஐரோப்பாவின் புலம்பெயர் தொழிலாளர் பற்றி 1975 இல் வெளியிட்ட ‘ஏழாவது மனிதன்’ என்னும் பொருள்படும் நூலின் வரலாறு இதற்கு மாறான வழியைக் காட்டும். மேலை ஐரோப்பாவிலே அதற்குப் பெரும் வரவேற்பு இருக்கவில்லை. ஆனால் துருக்கி, கிரேக்கம், அரபு, போர்த்துக்கேயம், ஸ்பானியம், பஞ்சாபி ஆகிய மொழிகளில் வெளிவந்த பின்னர், எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களே அதனைப் படிக்கலாயினர். ஆய்வு நூலாகத் தொடங்கிய அது குடும்பப் படத்தொகுதி போலாயிற்று என்பதைப் பேர்ஜர் பின்னாளில் எழுதிய முன்னுரை ஒன்றில் உணர்த்தியுள்ளார்.

4. ஊரே பயணியாதல்

1970 களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வது இலங்கையில் பெருகியது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990 களிலே சென்றோருட் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுட் பெருந்தொகையினர் வீட்டுப் பணிப்பெண்கள். கிழக்குக் கரையோர ஊர்களும் இவ்வலையிற் சேர்ந்தன. அதுவரை பயணக் கதையின் வாசகராயிருந்தோர் இப்போது பயணிகளாயினர். அவர்கள் அனுப்பிய கடிதமும், ஒலிநாடாவும், நிழற்படமும் பயண இலக்கியம் என எவரும் பெயரிடாத பயண இலக்கியமாகும்.

அப்படங்களின் இலக்கணம் தெளிவானது. நல்ல உடை, பின்னே பளபளக்கும் வாகனம், அல்லது கட்டடம், அல்லது பூந்தோட்டம். அனுப்பியவரின் அறையோ, சமையற்கட்டோ, வேலை நேரமோ அதில் இடம்பெறுவதில்லை. இது பொய் எனக் கூறுதல் பொருந்தாது. வீட்டார் கவலை கொள்ளலாகாது என்னும் அன்பும், பட்ட கடனுக்குப் பயன் உண்டு எனக் காட்டும் கடப்பாடும் அதில் அடங்கியுள்ளன. பெறுபவர்களும் அதனை அறிவார்கள். தாய் ஒருத்தி மகளின் படத்திலே வாகனத்தைப் பார்ப்பதில்லை. கன்னம் வற்றியதா, கையில் வடு உண்டா எனப் பார்க்கிறாள். எழுத்தறியாத தாயும் இவ்விடத்திலே தேர்ந்த வாசகியாவாள். படம் காட்ட விரும்பியதைக் கடந்து அது காட்டாததை வாசிக்க அவளுக்குத் தெரியும். ஏனெனில் அவ்வாசிப்பிலே அவளுக்குப் பெரும் பொருட்டு உண்டு.

பயணியின் படத்துக்கும் வாசகருக்கும் இடையிலான நம்பிக்கை எத்துணைக் கூர்மையானது என்பதற்கு மேற்கூறிய 1975 ஆம் ஆண்டு நூலிலே ஒரு செய்தி உண்டு. களவாக எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்ற போர்த்துக்கேயத் தொழிலாளர், புறப்படுமுன் தம் படமொன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வழிகாட்டியிடம் கொடுத்து மறுபாதியைத் தாம் வைத்துக்கொள்வர். சேர வேண்டிய இடத்தை அடைந்ததும் தம் பாதியை வீட்டுக்கு அஞ்சல் செய்வர். வழிகாட்டி தன் பாதியோடு வந்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே வீட்டார் பணம் கொடுப்பர். அங்கு வாசிப்பு என்பது இரு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தலே. பயணி உயிரோடு சேர்ந்தார் என்பதே அதன் பொருள்.

படம் பொருந்தாத இடமும் உண்டு. திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அவர் பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்தின் பேரில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆந் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் சென்றபோது பதினெட்டு வயதை எட்டியிருக்கவில்லை என்பதும், கடவுச்சீட்டிலே வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது என்பதும் அவர் பொருட்டு வாதிட்டோரின் நிலைப்பாடு. பத்திரிகைகளிலே அவரது முகத்தைக் கண்ட வாசகர் சிறுமி ஒருத்தியைக் கண்டனர். ஆவணம் வளர்ந்த பெண் எனக் கூறியது. எழுத்தும் படமும் முரண்படும்போது வாசகன் எதனை நம்புவது என்னும் வினா அங்கு இலக்கிய வினாவாக இருக்கவில்லை.

5. கடல் கொண்ட படங்கள்

2004 டிசம்பர் 26 ஆந் திகதிய கடற்கோளிலே இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் ஆகக் கூடிய உயிரிழப்பு அம்பாறையிலேயே நிகழ்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகள் அழிந்தன. அதன் பின்னர் வந்த செய்தியாளரும் தொண்டரும் எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றன. அவற்றைக் கண்டோர் பணமும் பொருளும் அனுப்பினர். பயணியின் படம் வாசகரைச் செயலுக்குத் தூண்டும் ஆற்றல் உடையது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

அதே வேளை வேறொன்றும் நிகழ்ந்தது. வீடுகளோடு அவ்வீடுகளின் திருமணப் படங்களும், பிள்ளைகளின் பாடசாலைப் படங்களும், வெளிநாட்டிலிருந்து வந்த படங்களும் கடலோடு போயின. இறந்தோரின் முகம் ஒன்றேனும் எஞ்சாத வீடுகள் உண்டு. வெளியார் எடுத்த படங்கள் பல்லாயிரம் உலகச் சேமிப்புகளில் இருக்க, படமெடுக்கப்பட்ட ஊரிலே தம்மவரின் ஒரு படமும் இல்லாத நிலை உருவாயிற்று. பார்க்கும் உரிமை எங்கே குவிந்துள்ளது என்பதை இம்முரண் தெளிவாக்கும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பயணியின் கதையோடும் படத்தோடும் வாசகர் கொள்ளும் உறவுக்கு மூன்று படிகள் உள எனலாம். முதலாவது இனங்காணல், தான் அறிந்த ஒன்றை அந்நியத்திலே கண்டுகொள்வது. இரண்டாவது நம்புதல், கூறுபவரின் அடக்கத்தாலும் எழுத்தும் படமும் ஒத்து நிற்பதாலும் இது விளைகிறது. மூன்றாவது வினாவுதல், சொல்லப்படாததையும் காட்டப்படாததையும் கேட்பது. முதலிரு படிகளோடு நிற்கும் வாசிப்பு இன்பம் தரும். மூன்றாவது படியிலேயே அது சமூகப் பயன் பெறுகிறது.

இதிலிருந்து நடைமுறைக் கடமைகள் சில பிறக்கின்றன. படமெடுப்போர் இடத்தையும் திகதியையும் குறித்தல் வேண்டும். உரியவர் இசைந்தால் பெயரையும் குறித்தல் வேண்டும். பெயர் வெளிவருவது தீங்கு பயக்கும் இடத்தில் அதனை மறைப்பதும் அதே மரியாதையின் பாற்பட்டதே. எடுத்த படத்தின் பிரதியொன்று எடுக்கப்பட்ட ஊருக்குத் திரும்புதல் வேண்டும். இன்று கைத்தொலைபேசி ஒவ்வொரு கையிலும் உள்ளமையால் இது கடினமன்று. ஆனால் படம் பெருகியமை மட்டும் இவ்வுறவைச் சீராக்கிவிடாது. நம் பல்கலைக்கழகங்களும் ஊர் வாசிகசாலைகளும், பணிப்பெண்களின் கடிதங்களையும் ஒலிநாடாக்களையும் படங்களையும், உரிமையாளரின் இசைவோடு, அவர்கள் கூறும் விளக்கத்தோடு சேர்த்துப் பேணத் தொடங்குதல் வேண்டும். ஒலிநாடா நாளடைவிற் கெடும். கூறக்கூடியோரும் முதுமை எய்தி வருகின்றனர்.

தமிழ்ப் பயண இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் செட்டியாரை முதன்மையாகக் கொள்வர், அது பொருத்தமே. அவ்வரலாற்றின் இன்னோர் அதிகாரம் சாகாமத்திலும் கல்முனையிலும் வீட்டுப் பெட்டிகளுக்குள் கிடக்கிறது. அதனைத் திறந்து படிப்பதற்கு உரியவர்கள், முதலில், அவ்வீட்டாரே.